பழைய ஹைபிரிட் கார்: பார்த்து வாங்குதல், பற்றரியைக் காத்தல்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய விலையில் இன்று விற்பனைக்கு நிற்கும் அக்குவா, பிரியஸ், அக்சியோ, ஃபிட், வெசல் கார்களில் அநேகமானவற்றின் பற்றரி பத்து வயதை நெருங்கிவிட்டது, அல்லது தாண்டிவிட்டது. யப்பானிய வீதியில் சில ஆண்டுகள், பிறகு நம் வெயிலில் பல ஆண்டுகள்.

அதனால் முதற் கணக்கை இப்படிப் போடுங்கள். விற்பவர் கேட்கும் விலையோடு, அந்த மாதிரிக்கு நல்ல பற்றரி ஒன்று மாற்ற ஆகும் செலவையும் கூட்டுங்கள். இரண்டு மூன்று இடங்களில் அன்றைய விலையை விசாரித்தே கூட்டுங்கள். டொலரோடு ஏறி இறங்கும் விலை அது. கூட்டிய தொகை உங்களுக்குக் கட்டுப்படியானால் மட்டும் காரைப் பார்க்கப் போங்கள். “பற்றரிக்கு ஒன்றுமில்லை, ஐந்து வருசத்துக்குப் பார்க்கவே தேவையில்லை” என்ற வாய்ச்சொல்லுக்கு ஒரு ரூபாயும் பெறுமதி இல்லை.

எந்த மாதிரி, எந்தப் பற்றரி

டொயோட்டா பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்கள் 2003 முதல் 2015 வரை வந்தவை. அவற்றில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி: 7.2 வோல்ட் மொடியூல்கள் 28, மொத்தம் 201.6 வோல்ட். 2011 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த அக்குவாவில் அதே வகை மொடியூல்கள் 20. மொத்தம் 144 வோல்ட். அக்சியோ ஹைபிரிட்டிலும் இதே 144 வோல்ட் அமைப்புத்தான்.

முதன்முறையாக ஹைபிரிட் வாங்குபவருக்கு இந்தக் கூட்டத்தையே பரிந்துரைப்பேன். பாகங்கள் கிடைக்கும், கைபழகிய மெக்கானிக்குகளும் பல ஊர்களில் உண்டு. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இவற்றில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவதும் பெரிய பற்றரிதான். அது முற்றாகப் படுத்துவிட்டால் தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் கார் அசையாது.

ஹொண்டா ஃபிட் ஜிபி1, இன்சைட் ஆகியவற்றில் 100.8 வோல்ட் நிக்கல் பற்றரி. இவற்றில் எஞ்சின்தான் முதன்மை, மோட்டார் வெறும் துணை. 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் இருப்பதால் பெரிய பற்றரி தளர்ந்த பிறகும் கார் ஓடும். நோயை மறைத்து விற்பதும் அதனால் இலகு.

2013இல் வந்த ஜிபி5, வெசல் இரண்டும் வேறு ரகம்: லிதியம் அயன் பற்றரி, இரட்டைக் கிளச் கொண்ட ஏழு வேகக் கியர்பெட்டி. இந்த அமைப்பின் கோளாறுகளுக்காக ஹொண்டா நிறுவனமே யப்பானில் ஜிபி5ஐப் பல தடவை மீள அழைத்துத் திருத்தியது. இவற்றை வாங்குவதானால் பற்றரிக்கு முன்னர் கியர்பெட்டியைச் சோதியுங்கள். நான்காம் தலைமுறைப் பிரியஸில் பதிப்பைப் பொறுத்து நிக்கலும் உண்டு, லிதியமும் உண்டு. எது என்று உறுதிசெய்த பிறகே மாற்று விலை விசாரியுங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

விற்பவரிடம் செஸி இலக்கத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் போய் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

1. அந்த இலக்கத்தைக் கொண்டு யப்பானிய ஏலத் தாளைத் தேடி எடுங்கள். விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல் நீங்களே எடுப்பது நல்லது. தரப் புள்ளி 4 அல்லது 4.5 என்றால் நன்று. ‘ஆர்’ என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய கார். பின்பக்கம் அடிபட்ட காராக இருந்தால் கூடுதல் கவனம். பற்றரி இருப்பது அங்கேதான்.

2. ஏலத் தாளிலும் ஏற்றுமதிச் சான்றிதழிலும் உள்ள ஓட்டத்தை இன்றைய மீற்றரோடு ஒப்பிடுங்கள். யப்பானில் 70,000 கிலோமீற்றர் ஓடி வந்த கார் இங்கே பல வருடம் ஓடியும் 80,000 காட்டினால் மீற்றர் பொய் சொல்கிறது.

3. செஸி இலக்கத்தை உற்பத்தியாளரின் யப்பானிய இணையத்தளத்தில் இட்டால் மீள அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று தெரியும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு இது அவசியம்: இன்வெர்ட்டரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்காக 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 19 இலட்சம் கார்களை அழைத்தது. அதற்கு முன்பே கப்பலேறிய கார் என்றால் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

4. பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வராமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

காரின் முன் நிற்கும்போது

காலையில் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டியிருக்கலாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

1. பின்னிருக்கையின் ஓரத்திலோ அதன் கீழோ கம்பிவலை போட்ட சிறு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரி மூச்சுவிடும் வழி அதுதான். கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். தூசி திரண்டிருந்தால் கார் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2. பற்றரி மூடியின் திருகாணிகளைக் கவனியுங்கள். தலை தேய்ந்தோ, நிறம் மாறியோ இருந்தால் பற்றரி ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தது குற்றமல்ல, என்ன செய்தார்கள், ரசீது எங்கே என்று கேளுங்கள்.

3. பிறேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். எஞ்சின் விளக்கு எரியவே இல்லையென்றால் அதை யாரோ துண்டித்திருக்கிறார்கள். காரை விட்டு விலகுங்கள்.

4. இப்போது பிறேக்கை மிதித்து ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் குளிரில் பிடிக்கும்போது கார் கடகடவென்று உதறுகிறதா? மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இது ஹெட் காஸ்கட் போவதன் அடையாளமாக இருக்கலாம். பற்றரியைவிடப் பெரிய செலவாக வந்து நிற்கும்.

5. பிறேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, பார்க் நிலையில் ஒரு நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். மிதிக்காமலே சில விநாடிக்கொருமுறை பம்ப் இயங்கும் ஒலி வந்தால் பிறேக் அமைப்பின் அழுத்தம் உள்ளே கசிகிறது. அதுவும் இலேசான செலவல்ல.

சோதனை ஓட்டம்

வீட்டைச் சுற்றி ஐந்து நிமிட ஓட்டம் எதையும் சொல்லாது. முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஏசியைப் போட்டு, இருவர் பின்னால் இருந்து, நெரிசல், திறந்த வீதி, முடிந்தால் ஏற்றம் என மூன்றிலும் ஓட்டுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற சமதரை ஊர்களில் ஏற்றத்துக்குப் பதிலாக வெறும் வீதியில் நின்று வேகமெடுத்து மீண்டும் நிறுத்துவதைச் சில தடவை செய்யலாம். பற்றரியிலிருந்து பலமாக எடுத்துப் பலமாகக் கொடுப்பதுதான் நோக்கம்.

கண் திரையில் உள்ள பற்றரிக் கோடுகளில் இருக்கட்டும். பிரியஸில் எட்டுக் கோடுகள். கார் தன் பற்றரியை ஒருபோதும் முழுதாக வெறுமையாக்காது, முழுதாக நிரப்பாது. ஏறத்தாழ 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருக்கும். நல்ல பற்றரியில் கோடுகள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சமதரையில் இரண்டு கோட்டிலிருந்து ஏழுக்கு ஓரிரு நிமிடத்தில் பாய்ந்து, அதே வேகத்தில் கீழே விழுந்தால் கொள்ளளவு சுருங்கிவிட்டது. சின்ன டம்ளர் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் தீரும்.

வேறு மூன்று அறிகுறிகள்: பின்னாலிருந்து விசிறியின் இரைச்சல் ஓயாமல் வருவது, சிக்னலில் நின்றவுடன் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருப்பது (சூடேறிய பிறகும்), வேகமெடுக்கும்போது எஞ்சின் கத்தினாலும் கார் சோம்பலாக நகர்வது. ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் பற்றரி மாற்றும் செலவை விலையில் முழுதாகக் கழித்தே பேசுங்கள்.

ஜிபி5, வெசல் கார்களில் ஏற்றத்தில் நின்று நின்று ஊர்ந்து பாருங்கள். நகரும்போது நடுக்கம் வந்தாலோ கியர்பெட்டி சூடேறிய எச்சரிக்கை வந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கானரில் பார்க்க வேண்டியது

இந்த ஒன்றை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. சிறிய புளூடூத் ஓபிடி கருவி ஒன்றும் கைபேசியில் ‘டொக்டர் பிரியஸ்’ அல்லது ‘ஹைபிரிட் அசிஸ்டன்ட்’ செயலியும் போதும். முடியாவிட்டால் ஹைபிரிட் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

முதலில், பிழைக் குறியீடுகள். பி0ஏ80 என்றால் பற்றரியை மாற்று என்று காரே சொல்கிறது. பி0ஏ7எஃப் என்பது பற்றரி நலிந்துவிட்டதைக் குறிக்கும். பிரியஸில் பி3011 முதல் பி3024 வரையான குறியீடுகள் 14 தொகுதிகளில் (இரு மொடியூலுக்கு ஒரு தொகுதி) எது பலவீனம் என்று காட்டும். பி0ஏஏ6 வந்தால் உயர் மின்னழுத்தம் எங்கோ உடலோடு கசிகிறது. அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது, குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும் நிம்மதியடையாதீர்கள். விற்கும் காலையில் அழித்துவிடுவது பழைய தந்திரம். ‘குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு அளவு ஸ்கானரில் உண்டு. அது 12 கிலோமீற்றர் என்று காட்டினால் காரணம் கேளுங்கள். “நேற்றுத்தான் சின்னப் பற்றரி கழற்றிப் போட்டது” என்று பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் இரண்டு நாள் ஓடட்டும், மீண்டும் ஸ்கான் செய்து பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

பிறகு, தொகுதிகளின் மின்னழுத்தம். காரை அசையாமல் வைத்துப் பார்த்தால் எல்லாம் சமமாகத் தெரியும்; அதில் ஏமாறக் கூடாது. பலமாக வேகமெடுக்கும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் மிகக் கூடிய தொகுதிக்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு வோல்ட்டின் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் நன்று. ஒரு வோல்ட்டைத் தொட்டால் ஒரு தொகுதி போய்க்கொண்டிருக்கிறது. வெப்பநிலை உணரிகளையும் பார்த்துவிடுங்கள்: ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகச் சூடாக இருந்தால் அந்தப் பகுதிக்குக் காற்றுப் போகவில்லை, அல்லது அங்கேதான் பலவீனமான மொடியூல் இருக்கிறது.

வாங்கிய பிறகு: வெப்பமும் தூசியும்

நிக்கல் பற்றரியை வேலை கொல்வதைவிட வெப்பம் விரைவில் கொல்லும். பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. நீங்கள் வியர்த்தால் பற்றரியும் சூடாகிறது. பெற்றோல் மிச்சம்பிடிக்க நண்பகலில் ஏசியை அணைத்துவிட்டு ஓடுவது, ஆண்டுகள் கழித்துப் பற்றரி விலையாகத் திரும்பி வரும். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு ஏசியைப் போடுங்கள். பின்னிருக்கைத் துவாரத்தின் முன் பள்ளிப் பை, தலையணை, கடைச் சாமான் எதையும் வைக்காதீர்கள்.

துவாரத்தைத் துப்புரவாக்கும் முறை:

1. காரை அணையுங்கள். சாவியைக் காரிலிருந்து ஐந்தாறு மீற்றர் தள்ளி வையுங்கள். கை தவறிப் பட்டாலும் ‘ரெடி’ ஆகக் கூடாது.
2. துவாரத்தின் பிளாஸ்டிக் மூடியை மெதுவாகக் கழற்றுங்கள். உள்ளே வடிகட்டி இருந்தால் எடுத்துத் தட்டி, மென்தூரிகையால் துடையுங்கள்.
3. வக்யூம் கிளீனரால் தூசியை வெளியே இழுங்கள். காற்றழுத்தக் குழாயால் உள்ளே ஊதாதீர்கள். தூசி நேரே மொடியூல்களுக்கு நடுவே போய் அமரும்.
4. தண்ணீர், ஈரத்துணி, சவர்க்காரம் எதுவும் கூடாது.
5. மூடியை மாட்டி, காரை இயக்கி, எச்சரிக்கை விளக்கு இல்லை என்று பாருங்கள்.

செம்மண் வீதியில் ஓடும் காருக்கும், நாய் பூனை ஏறும் காருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். மற்றவர்களுக்கு ஆறு மாதம். விசிறியைக் கழற்றிக் கழுவுவது வேறு வேலை. அது உயர் மின்னழுத்தப் பகுதிக்கு அருகில் இருப்பதால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். கரையோர ஊர்களில் அதே வேளையில் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பற்றரி நன்றாக இருந்தும் தகடு அரித்ததால் பிழை விளக்கு வருவதுண்டு.

சும்மா நிறுத்துவதும் ஓட்டும் பழக்கமும்

2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் ஒதுக்கீடும் இருந்தபோது எத்தனையோ கார்கள் மாதக்கணக்காகக் கொட்டிலில் நின்றன. நிக்கல் பற்றரி சும்மா நின்றாலும் தானாக இறங்கும். எல்லா மொடியூலும் ஒரே அளவில் இறங்குவதில்லை, சமநிலை குலைவது அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கார் வீட்டில் நிற்கிறதென்றால் இரண்டு வாரத்துக்கொருமுறை அரை மணி நேரம் வீதியில் ஓட்டுங்கள். முற்றத்தில் வைத்து ‘ரெடி’ போட்டு அணைப்பது ஓட்டமாகாது.

• நெரிசலில் ‘என்’ நிலைக்கு மாற்றாதீர்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் ‘என்’ இல் எஞ்சின் ஓடினாலும் பற்றரி ஏறாது; ஏசி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ‘டி’ இல் வைத்துப் பிறேக்கை மிதியுங்கள், நீண்ட நேரம் நிற்பதானால் பார்க் (P).

• நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது சிறிது தூரத்தில் பற்றரி நிறைந்துவிடும். அதற்குமேல் பிறேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். கியர்த் தண்டில் உள்ள ‘பி’ (B) நிலைக்கு இழுத்தால் எஞ்சினே காரைப் பிடித்து இறக்கும். பார்க் பொத்தானில் உள்ள ‘பி’ (P) வேறு எழுத்து; ஓடும் காரில் அதைத் தொடாதீர்கள். இறக்கத்துக்கு வெளியே தண்டின் ‘பி’ (B) நிலை தேவையில்லை.

• பெற்றோல் தீர்ந்தால் பற்றரியில் வீடுவரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கினால் கராஜ் சார்ஜர் இல்லாமல் எழாது.

சின்னப் பற்றரியை முதலில் பாருங்கள்

ஒருநாள் காலையில் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரிந்து, கார் ‘ரெடி’ ஆகாவிட்டால் கலங்க வேண்டாம். 12 வோல்ட் பற்றரியில் தொடங்குங்கள். கணினிகளை எழுப்புவது அதுதான். அது தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத பிழைகள் எல்லாம் திரையில் வரும். மல்ட்டிமீற்றரை வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 12க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். சின்னப் பற்றரியில் முடிய வேண்டிய விடயம், பெரிய பற்றரி விலையில் முடிந்த கதைகள் ஏராளம்.

மாற்றும்போது, காருக்குள் இருக்கும் பற்றரிக்குரிய, காற்றுக்குழாய் பொருத்தக்கூடிய ஏஜிஎம் வகையையே கேளுங்கள். ஜம்ப் கேபிள் கொடுப்பதானால் சிவப்பும் கறுப்பும் மாறிவிடாமல் இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் இன்வெர்ட்டர் வரை எரியும்.

செம்மஞ்சள் வயர்: தொடாதே

உயர் மின்னழுத்தக் கேபிள்கள் எல்லாம் செம்மஞ்சள் நிறம். 144 அல்லது 201 வோல்ட் நேர்மின்னோட்டம் ஆளைக் கொல்லப் போதும். இன்வெர்ட்டருக்குள் அது 500 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். பற்றரி மூடியைத் திறக்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. செய்பவர் முறையாகச் செய்கிறாரா என்று மட்டும் நின்று கவனியுங்கள்:

1. 12 வோல்ட்டின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும்.
2. 1,000 வோல்ட்டுக்குரிய இறப்பர் கையுறை போட்டுச் செம்மஞ்சள் சேவிஸ் பிளக்கை இழுத்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.
3. பத்து நிமிடம் காத்திருந்து, மீற்றரால் பூச்சியம் என்று உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

வெறுங்கையோடு, மோதிரத்தோடு, பிளக்கைக் கழற்றிய அடுத்த நிமிடமே உள்ளே கை விடுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். உடைந்த நிக்கல் மொடியூலிலிருந்து கசிவது காரத் திரவம். தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பற்றரி போய்விட்டால்

வழிகள் நான்கு. ஒரே ஒரு மொடியூலை மாற்றுவது மிக மலிவு, மிகக் குறுகிய ஆயுள். பழைய 27 மொடியூல்களுக்கு நடுவே பலமான ஒன்றைச் செருகினால் அடுத்த பலவீனமானது சில மாதத்தில் முன்னுக்கு வரும். காரை விற்கப் போகிறவர் செய்யும் வேலை அது. நீங்கள் வைத்திருக்கப் போகிறீர்களானால் வேண்டாம்.

யப்பானில் கழற்றிய பழைய பற்றரியை வாங்கினால் அதன் வயது உங்களுடையதன் வயதாகவே இருக்கலாம். உற்பத்தித் திகதியைக் கேட்டு, பொருத்துவதற்கு முன்னரே ஒவ்வொரு மொடியூலின் கொள்ளளவு அறிக்கையைப் பெறுங்கள். மீளமைத்த பற்றரி என்பது மொடியூல்களைப் பலமுறை ஏற்றி இறக்கி, ஒத்த அளவுள்ளவற்றைத் தெரிந்து கோத்தது. அதைச் செய்ய நாட்கள் எடுக்கும். “பின்னேரம் வந்து எடுங்கோ” என்பவர் அதைச் செய்யவில்லை.

காரை இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் புதிய பற்றரிதான் சரி, கடன்பட்டாவது. நிக்கலுக்குப் பதிலாக லிதியம் போட்டுத் தருகிறோம் என்று வருபவரிடம், அந்தக் காரின் கட்டுப்பாட்டுக் கணினியோடு அது எப்படி ஒத்துப்போகிறது, தீப் பாதுகாப்புக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் திரும்பிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். அதில் பற்றரியின் இலக்கம், பொருத்திய நாள், அன்றைய ஓட்டம், பழுதானால் மாற்றித் தருவார்களா திருத்தித் தருவார்களா, கழற்றிப் பூட்டும் கூலி யாருடையது என்பவை தனித்தனியாக எழுதப்பட வேண்டும். பழைய பற்றரிக்குக் கழிக்கும் தொகையையும் ரசீதில் கேளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிலில் போட்டு வைக்காதீர்கள். பொருத்திய அன்றே விசிறியும் துவாரமும் துப்புரவாக்கப்பட்டனவா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு மீண்டும் போய்த் தொகுதி மின்னழுத்தங்களை ஸ்கான் செய்து, அந்தத் தாளை உத்தரவாதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.